சோளகம் தள்ளிய வழி

மாணாக்கரின் விடைத்தாள்களில் மலிந்துவரும் சந்திப்பிழைகளைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாகச் சென்ற ஞாயிறன்று வாக்களித்திருந்தேன். அப்பிழைகள் எங்கும் ஓடிப்போகமாட்டா. அடுத்த வாரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதலின் அவற்றை ஒத்திவைத்துவிட்டு, கால் நோவு ஆறுமுன்னரே ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட விரும்புகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறை நாளொன்றிலே, எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் பதினால்வரும், விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரும், நானுமாகப் பதினாறு பேர் துவிச்சக்கரவண்டிகளில் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக் கடற்கரை வரை போய் வந்தோம். யாழ்ப்பாணத்தான் கடலுக்குப் போவது ஒரு புதுமையா என்று நீங்கள் கேட்கலாம். குடாநாட்டிலே எந்தத் திசையிற் போனாலும் சிறிது நேரத்திற் கடல் வந்துவிடும் என்பது மெய்தான். புதுமை போன வழியிலே இருந்தது. தார் வீதியை இயன்றவரை தவிர்த்து, ஒழுங்கைகளாலும் தோட்டக் கரைகளாலும் பனங்கூடல்களாலும் நீர் வற்றிய வெளிகளாலும் போவது என்று தீர்மானித்திருந்தோம். வளைந்தும் நெளிந்தும் போக, ஒருவழித் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஆயிற்று.

இந்த ஆசையை மாணவர் நெஞ்சில் விதைத்தது 2022 ஆம் ஆண்டு. எரிபொருள் இல்லாது நாடே தவித்து, பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தை எவரும் மறந்திரார். மோட்டார்ச் சைக்கிளிற் பறந்து திரிந்த ஆசிரியர் பலர், நான் உட்பட, கோடிப்புறத்திலே துருவேறிக் கிடந்த பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுத்தோம். அந்நாளில் எனக்குச் சங்கிலி பூட்டவும் காற்றடிக்கவும் ஓடிவந்து உதவிய சிறுவர்களே இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். நெருக்கடி தீர்ந்ததும் பெரியவர்கள் பெற்றோலுக்குத் திரும்பிவிட்டனர்; இவர்கள் மாத்திரம் திரும்பவில்லை.

இவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கோ மிதிவண்டி என்றதும் வேறு காலம் நினைவுக்கு வரும். 1990 ஆம் ஆண்டின் பின், பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே, குடாநாட்டிற் பெற்றோல் கண்ணாற் காணக் கிடையாத பொருள். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய மோட்டார்ச் சைக்கிள்கள் சில இருந்தன. மற்றையோர்க்கெல்லாம் துவிச்சக்கரவண்டியே வாகனம். விறகும் நெல்லும் நோயாளியும் அதன் கரியரிலேதான் பிரயாணம் செய்தார்கள். மின்சாரமற்ற இரவுகளிலே வண்டியை நிறுத்திவைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்போம். சுழற்றுகிறவனுடைய கை ஓய்ந்தால் செய்தியும் பாதியில் ஓய்ந்துவிடும். சுழற்றும் உத்தியோகம் பெரும்பாலும் என்னுடையது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது எனக்கு வயது பதினைந்து. கரியரில் அரிசி மூட்டை. அதன்மேல் அப்பாச்சியின் துணிப்பொதி. சனநெருக்கத்தில் ஏறி ஓட இடமேது? விடியும் வரை உருட்டிக்கொண்டே நடந்தோம். இப்படிப்பட்ட வண்டியிலே ஒருவன் மகிழ்ச்சிக்காக ஏறி, வேண்டுமென்றே வீதியை விட்டு இறங்கலாம் என்பது எனக்கு நாற்பது வயதின் பின்னரே விளங்கிற்று.

பிற நாட்டார் இதனை வெகு காலமாகச் செய்துவருகின்றனர். டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றது 1888 இல். அதற்கு 9 ஆண்டுகளின் பின், 1897 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, அமெரிக்க இராணுவத்தின் 25 ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் இருபதின்மர் மொன்டானாவிலிருந்து சென் லூயிஸ் நகர் வரை ஏறக்குறைய 1,900 மைல் தூரத்தைச் சேறும் மணலும் மலையும் கடந்து மிதித்தே சென்றடைந்தனர். இங்கிலாந்திலே கரடுமுரடான பாதைகளை மாத்திரமே நாடிச் செல்லும் மிதிவண்டிக்காரர் 1955 இல் தமக்கென ஒரு கழகமே அமைத்துக்கொண்டனர். இவற்றையெல்லாம் வகுப்பிலே சொன்னது நான்தான். ஆகவே, "சேர், நாங்களும் போவமே?" என்று அவர்கள் கேட்டபோது மறுக்க வழியில்லாது போயிற்று.

வேண்டிய அனுமதிகளைப் பெற்று, பெற்றோரிடம் சம்மதக் கடிதமும் கேட்டோம். பதின்மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. பதினான்காவது வரவில்லை, அதற்குப் பதிலாக அம்மாணவனின் தாயார் நேரிலே வந்தார்.

"சேர், இவன்ர தகப்பனுக்கு ஒரு கால் இல்லை எண்டது உங்களுக்குத் தெரியும்தானே. றோட்டாலை போறதெண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். றோட்டை விட்டு இறங்கிறது எண்டவுடனை எனக்கு நெஞ்சு பதறுது" என்றார்.

எனக்குத் தெரியும். அவருடைய கணவர் 2003 ஆம் ஆண்டிலே, போர்நிறுத்தக் காலத்தில், தென்மராட்சியிலுள்ள தம் சொந்தக் காணியைத் துப்புரவு செய்யும்போது மிதிவெடியில் அகப்பட்டவர். அந்நியர் காணியன்று, தாம் பிறந்து வளர்ந்த வளவு. கண்டி வீதியாற் போய்வருவோர், போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் முகமாலைப் பக்கத்திலே சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளையும், முழந்தாளிட்டு மண்ணைத் துழாவும் வேலையாட்களையும் கண்டிருப்பார்கள். இங்கிலாந்துக்காரன் வீதியை விட்டு இறங்கினால் சேறு படும். எங்கள் நாட்டிலே அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட முடியாது.

"அம்மா, ஆளும் மாடும் நடந்து தேய்ந்த தடம் இல்லாத இடத்திலை ஒரு சில்லும் இறங்காது. அது என் பொறுப்பு" என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் சிறிது நேரம் நின்று யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஆயத்தங்களைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. இரண்டு பம், ஒட்டுப் போடும் பசை, ரியூப் துண்டுகள், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், இடியப்பமும் சம்பலும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், பனங்கட்டி. வண்டிகளிற் பெரும்பாலானவை சாதாரண லுமாலா வகை. ஒருவன் மாத்திரம் வெளிநாட்டு மாமா அனுப்பிய, பல்சக்கரம் நிறைந்த மலைவண்டியிலே வந்திருந்தான். அன்றைக்கு முதன்முதலிற் பழுதானது அதுவே என்பதைச் சற்று மகிழ்ச்சியுடன் இங்கே பதிவுசெய்கிறேன்.

அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். கோப்பாய் தாண்டி, நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு இடையே செம்மண் பாதையிற் போகும்போது கிழக்கு வெளுத்தது. துலாக்கள் மறைந்து இறைப்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் வாய்க்காலில் ஓடும் நீரின் மணம் மாறவில்லை. புத்தூர், அச்சுவேலிப் பக்கத்துப் பனங்கூடல்களிலே காவோலையும் கருக்கு மட்டையும் கிடந்த தடங்களில் மூன்று ரயர்கள் காற்றுப் போயின. விடத்தல் முள்ளின் கூர்மையைப் பாடப் புத்தகத்திலே படிப்பது வேறு, ரயரிலிருந்து பிடுங்குவது வேறு என்பதை மாணவர் உணர்ந்துகொண்டார்கள்.

வல்லை வெளிக்கு வந்ததும் சோளகக் காற்று எங்களைப் பிடித்தது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் இக்காற்றை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாங்கள் போனதோ கிழக்கு நோக்கி. முதுகிலே யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. நீரேரிக் கரையோரமாக, கப்பூது வெளியின் மாட்டுத் தடங்களிலே, பெடலை மிதிக்காமலே பலர் ஓடினார்கள். கோடையில் நீர் வற்றிய அவ்வெளி உப்புப் பூத்து வெண்மையாகக் கிடந்தது. மேலே இறுகிய மண். கொக்கும் நாரையும் தூரத்தில். ஒருவன் பாடத் தொடங்கினான். இவ்வளவு இலேசான பயணத்துக்கா இவ்வளவு ஆயத்தம் என்று நானும் எண்ணினேன். போகும் காற்று வரும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக இந்த மண்ணிலே வாழ்கிறவன், ஒரு பட்டதாரி!

துன்னாலைக்கு அப்பால் மண் மாறியது. உவர்நிலம் போய் மணல் வந்தது. தடம் தெற்கே வளைந்து சுற்றிக்கொண்டு போயிற்று. மணலோ சில்லை விழுங்கிற்று. வெயிலும் ஏறிவிட்டது. நேரே பார்த்தேன். பற்றைக்காட்டுக்கு அப்பால் ஒரு பனந்தோப்புத் தெரிந்தது. அதனூடே போனால் வளைவு முழுவதும் மிச்சம். பற்றைகளுக்கு இடையே போதிய இடைவெளியும் இருந்தது. "இதாலை வாருங்கோ" என்று சொல்லிவிட்டு நான் முன்னே இறங்கினேன். ஐந்து பேர் என் பின்னால் வந்தனர்.

சிறிது தூரம் போனபின் திரும்பிப் பார்த்தேன். அந்தத் தாயாரின் மகன் தடத்தின் விளிம்பிலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மற்றையோர் நின்றனர்.

"வா தம்பி, ஏன் நிக்கிறாய்?" என்றேன்.

"சேர், தடம் இல்லை" என்றான்.

"அந்தா தெரியுது பனை. பத்து நிமிசம்தான்."

அவன் மறுமொழி சொல்லவில்லை, அசையவுமில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். மாணவர் முன்னிலையில் ஒரு மாணவன் சொற்கேளாது நிற்பதை எந்த ஆசிரியன்தான் விரும்புவான்? ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சில்லுகளுக்குக் கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே என் ரயர் கீறிய கோட்டைத் தவிர வேறு எந்தத் தடயமும் இல்லை. குளம்பில்லை, காலடியில்லை. வலப்புறத்திலே புல் மூடிய ஒரு மண் அணையின் எச்சம் கிடந்தது. அத்தகைய அணைகள் எந்தக் காலத்தவை என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "ஒருவரும் அசையாதேங்கோ. வண்டியைத் தூக்குங்கோ. வந்த ரயர்க் கோட்டிலையே கால் வைச்சுத் திரும்புங்கோ. பின்னுக்கு நிக்கிறவர் முதலிலை." அறுபது அடி தூரம் இருக்கலாம். ஒவ்வொருவராக, வண்டியைத் தோளிலே சுமந்து, கயிற்றின்மேல் நடப்பவர்போல் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக நான் வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாடியவனும் வாய் திறக்கவில்லை.

பின்னர் வளைந்த தடத்தினூடே வண்டிகளை உருட்டிக்கொண்டு போகையில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். நடந்ததை அறிந்து, "அதுக்குள்ளை எங்கட ஆடு மாடெல்லாம் எத்தினை வருசமாய் மேயுது, பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தார். அவர் சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் பற்றைக்குள் இறங்கியபோது அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை அன்றோ?

வல்லிபுரத்தை அடைந்தபோது மணி பத்து. ஆழ்வார் கோயிலின் மூலத்தானத்திலே வழிபாட்டுக்குரியது சக்கரம் என்பதை வாசகர் அறிவர். அச்சந்நிதிக்கு அப்பால் எங்கள் சக்கரங்கள் ஓர் அடியும் ஓட மறுத்தன, அவ்வளவு மணல். புரட்டாசித் திருவிழாவின்போது கடல் தீர்த்தத்துக்குச் செல்லும் அடியார் கூட்டம் கால் புதையப் புதைய நடக்கும் வழி அது. 1936 ஆம் ஆண்டில் ஆய்வுலகுக்குத் தெரியவந்த, வசப மன்னன் காலத்துப் பொன்னேடு கிடைத்த ஊரும் இதுவே. நாகதீபம் என்னும் பெயர் அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றுப் பாடம் நடத்த எனக்கு ஆவல்தான்; கேட்கும் நிலையில் ஒருவரும் இல்லை. கிணற்று நீரிலே முகங்கழுவி, இடியப்பத்தை உண்டு, நிழலிற் படுத்தார்கள்.

மணலைக் கடக்கும் வித்தையை நண்பர்தான் சொல்லித்தந்தார். ரயரின் காற்றிற் பாதியை விட்டுவிடச் சொன்னார். காற்றுக் குறைந்தால் ரயர் பரந்து மணலின்மேல் அகலமாகப் படியும். பாரம் பரவுவதால் புதைவது குறையும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதன் காரணமும் அதுவே. இவ்வாறு பாதி ஓடியும் பாதி உருட்டியும் மணற்குன்றின் உச்சியை அடைந்தபோது கடல் தெரிந்தது. எத்தனை முறை கண்ட கடல்! ஆயினும் பதினாறு பேரும் ஒரே குரலிற் கூவினோம்.

கரையிலே நண்பரின் இரண்டாவது பாடம் நடந்தது. அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலில் வண்டி தார் வீதியிற் போல ஓடும். மணிகளுக்கிடையே படிந்த மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துவைப்பதே காரணம். உலர்ந்தால் மணி உருளும். நீர் மிகுந்தால் குழம்பாகும். நடுவிலே ஒரு சிறு பட்டைதான் ஓட ஏற்றது. அப்பட்டையிலே வரிசையாகத் தென்கிழக்கு நோக்கி மணற்காடு வரை ஓடிய அந்தச் சில கிலோமீற்றர் தூரத்தை என் வாழ்நாளில் மறவேன். சோளகம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அக்காலத்தில் அந்தப் பக்கத்து அலைகள் அடங்கிக் கிடக்கும். அடங்கிய கடல் என்று நம்பி நீந்தப் போனால் அதே காற்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே முழங்காலுக்கு மேல் எவரும் இறங்கக்கூடாது என்று கட்டளையிட்டேன். அன்றைக்கு என் கட்டளைகளின் மதிப்புச் சற்றுக் குறைந்திருந்தபோதிலும் இதற்குக் கீழ்ப்படிந்தார்கள்.

மணற்காட்டிலே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி மணலுள் அமிழ்ந்து நிற்கின்றன. காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டி ஒரு கட்டடத்தையே விழுங்கும் வேலை அங்கே கண்முன் நடக்கிறது. அதைத் தடுப்பதற்கென நட்ட சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அருகே 2004 டிசம்பர் 26 இற் கடல் கொண்டுபோனவர்களின் கல்லறைச் சிலுவைகள். மாணவர் பேச்சை நிறுத்திக்கொண்டு வண்டிகளை அவ்விடத்தில் உருட்டியே கடந்தார்கள், நான் சொல்லவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எங்கையிருந்து பிள்ளையள் வாறியள்?" என்று விசாரித்துக் குடத்து நீரை வார்த்தார். கோப்பாய்ப் பக்கமிருந்து என்றதும், "இந்த வெயிலுக்கையோ!" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பார்வை நியாயமானதே.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பினோம். அது என் இரண்டாவது தவறு. சோளகம் உச்சத்தில் வீசும் வேளை அது. காலையிலே தள்ளிய கை இப்போது நெஞ்சிலே வைத்துத் தடுத்தது. வரும்போது தார் வீதியாலேயே வந்தோம், அதுவும் போதவில்லை. வல்லை வெளியிலே வண்டி நடையை விட மெதுவாகப் போயிற்று. நண்பர் எங்களை ஒற்றை வரிசையாக நெருங்கி ஓடச் செய்தார். முன்னே போகிறவன் காற்றைக் கிழிப்பான்; பின்னே வருகிறவர்களுக்குச் சுமை குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவன் விலகிக் கடைசிக்குப் போக, அடுத்தவன் முன்னே வருவான். மெலிந்த மாணவன் ஒருவன் தன் முறை வந்தபோது அழுகிற நிலையில் இருந்தான். அவனுடைய முறையையும் தன் முறையையும் சேர்த்து ஓடியவன், காலையிலே தடத்தின் விளிம்பில் நின்ற அதே பையன்தான்.

ஆறு மணிக்கு வீடு சேர்வதாகச் சொல்லியிருந்தோம், சேர்ந்தபோது எட்டாகிவிட்டது. கைத்தொலைபேசிகள் ஓயாது ஒலித்தன. ஒவ்வொருவனையும் வீட்டுப் படலையிலே ஒப்படைத்து, கடைசியாக அந்தப் பையனின் ஒழுங்கைக்கு வந்தேன். தாயார் படலையடியில் நின்றார். உள்ளே திண்ணையில் தகப்பனார் இருந்தார்.

"பிந்திப்போச்சு, அம்மா. இன்னொண்டும் சொல்லவேணும். தடத்தை விட்டு இறங்கினது நான்தான். மறிச்சது உங்கட மகன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திண்ணையிலிருந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஊன்றுகோலைச் சுவரோரமாக நகர்த்தி எனக்கு இருக்க இடம் செய்தார்.

"தேத்தண்ணி வைக்கிறன், குடிச்சிட்டுப் போங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா குசினிக்குள் போனார்.

சங்கிலியில் ஏறிய கடல்மணலை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. இரண்டாம் நாள் மாலை அந்தப் பையனும் தன் வண்டியை உருட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தான்; எண்ணெய்ப் போத்தலையும் தூரிகையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, நான் சில்லைச் சுழற்றினேன்.